டியூபுலர் பூட்டு ஒரு பின் தூரம் திரும்பி நின்றுவிட்டது, சாவியும் நுழையவில்லை

புதுக்கம்பி:

வணக்கம். சாதாரணப் பின் டம்ளர் பூட்டுகளை (உள்ளே சிறு பின்கள் வரிசையாகத் தடுத்து நிற்பவை) பிக் செய்து, அதாவது சாவியில்லாமல் கம்பியால் திறந்து, ஓரளவு பழகிவிட்டேன். அடுத்ததாக, பழைய காசு போடும் இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றிய ஏழு பின் டியூபுலர் பூட்டை (குழாய் வடிவச் சாவி போடுவது) எடுத்திருக்கிறேன். என் சொந்தப் பூட்டு, சாவியும் கையில் இருக்கிறது.

வைஸில் பிடித்து, நடுத்தண்டின் பள்ளத்தில் திருப்பு விசை தரும் டென்ஷன் கம்பியை மாட்டி, மெல்லிய கம்பியால் பின்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். கடைசிப் பின் சரியான ஆழத்தில் உட்கார்ந்ததும் சட்டென்று திரும்பியது. ஆனால் பக்கத்துப் பின் இருக்கும் தூரம் வரைதான். அங்கே டக்கென்று நின்றுவிட்டது. இப்போது முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அசல் சாவி உள்ளே நுழையவே மறுக்கிறது.

பூட்டு பாழா? ஏழு பின்னையும் ஒரே நேரத்தில் அழுத்தும், ஏழு ஊசி கொண்ட டியூபுலர் பிக் கருவி வாங்கினால் இந்தத் தொல்லை வராது என்கிறார்கள். அதையே வாங்கிவிடலாமா?

நீலவானம்:

வாங்கிவிடுங்கள். கையால் ஒவ்வொரு பின்னாகத் திறப்பது இந்த வகைப் பூட்டில் வீண் உழைப்பு. பேனாவாலேயே திறந்த பூட்டுகள்தானே இவை? இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

அரமும் வைஸும்:

புதுக்கம்பி, பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த வகைப் பூட்டின் இயல்பே அதுதான்.

சாதாரணப் பூட்டில் பின்கள் வரிசையாக நிற்கும். இதில் வட்டமாக, தண்டுக்கு இணையாக நிற்கின்றன. முன்பக்கம் சாவியோடு சேர்ந்து சுழலும் பகுதி. சாவி தொட்டு அழுத்தும் சாவிப் பின்கள் அதில் இருக்கும். பின்பக்கம் அசையாத உடம்பு. ஸ்பிரிங்கும், அது முன்னால் தள்ளும் டிரைவர் பின்களும் அதில். இரண்டும் தொட்டுக்கொள்ளும் தட்டையான தளம்தான் ஷியர் லைன். ஏழு பின்னும் அந்தத் தளத்தில் பிரிந்ததும் முன்பகுதி திரும்பும். ஆனால் அடுத்த துளை பக்கத்திலேயே காத்திருக்கிறது. சாவிப் பின் ஒவ்வொன்றும் தனக்கு அடுத்த டிரைவருக்கு நேராக வந்தவுடன், ஸ்பிரிங் டிரைவரை முன்னால் தள்ள, பூட்டு மறுபடி பூட்டிக்கொள்கிறது. சாவி இருந்தால் பின்களை அழுத்தியபடியே கூடச் சுழலும், அதனால் இது நடக்காது. உங்கள் கம்பி ஒரு நேரத்தில் ஒரு பின்னைத்தான் பிடிக்கிறது.

கையால் திறப்பவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏழு பின்னையும் மறுபடி உட்கார வைக்க வேண்டும். முழுச் சுற்று தேவைப்படும் பூட்டு என்றால் அத்தனை தடவையும். அலுப்பாகத் தோன்றலாம், ஆனால் எனக்கு இந்தப் பூட்டில் பிடித்த இடமே இதுதான். சாவிப் பின்களின் நீளம் மாறுவதில்லை, அவற்றுக்கு எதிரே நிற்கும் துளைகள் மாறுகின்றன. திருப்பு விசை கொடுக்கும்போது எந்தப் பின் முதலில் இறுகும் என்ற வரிசை நிறுத்தத்துக்கு நிறுத்தம் வேறாகிறது. ஒரே பூட்டு, ஏழு பாடம். முகப்பைப் பார்த்தாலே எல்லாப் பின்னும் கண்ணுக்குத் தெரிவது இன்னொரு வசதி. இறுகிய பின் கம்பிக்கு அசையாமல் நிற்கும், மற்றவை ஸ்பிரிங்கோடு துள்ளும். அந்த வேறுபாட்டை விரல் படித்துக்கொள்ள இதைவிட நல்ல பூட்டு எனக்குத் தெரியாது.

இனி சாவி ஏன் நுழையவில்லை என்பது. சாவிக் குழாயின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் சிறு முளை இருக்கிறதா பாருங்கள். உள்முளை நடுத்தண்டின் பள்ளத்தில் உட்காரும். வெளிமுளை பூட்டின் வெளி விளிம்பில் உள்ள வெட்டு வழியாக நுழையும். ஓய்வு நிலையில் மட்டுமே இரண்டும் நேர்கோட்டில் இருக்கும். உங்கள் தண்டு திரும்பி நிற்பதால் இப்போது இல்லை. ஒரு நகல் சாவி செய்து, அதன் வெளிமுளையை மட்டும் அரத்தால் ராவிச் சமமாக்குங்கள். அந்தச் சாவி எந்த நிலையிலும் நுழையும், பின்களைச் சரியான ஆழத்துக்குத் தள்ளும், பழைய இடத்துக்குத் திருப்பிவிடலாம். அசல் சாவியில் கை வைக்க வேண்டாம். முளையில்லாத சாவிக்கு ஒரு சிவப்பு நூல் கட்டி வையுங்கள். அது பாதிச் சுற்றிலும் வெளியே வந்துவிடும், வந்தால் இதே சிக்கல்தான்.

நீலவானம், பேனா விஷயம் உண்மை. 2004 செப்டம்பரில் கிரிப்டோனைட் நிறுவனத்தின் சைக்கிள் பூட்டுகள் பந்துமுனைப் பேனாவின் பிளாஸ்டிக் உடலால் திறப்பது இணையத்தில் பரவியது. நிறுவனம் பூட்டுகளை இலவசமாக மாற்றித் தந்தது. அந்தக் குழாயின் விட்டம் சாவிக்கு மிக அருகில் இருந்தது, பிளாஸ்டிக் மென்மையானது. அழுத்தி ஆட்டும்போது இறுகிய பின்கள் பிளாஸ்டிக்கில் தங்கள் ஆழத்தைத் தாங்களே பதித்துக்கொண்டன. இதற்காக இந்த அமைப்பையே ஒதுக்குவது நியாயமில்லை. சிகாகோ லாக் நிறுவனம் 1933-இல் ஏஸ் என்ற பெயரில் கொண்டுவந்த பூட்டு இது. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியின் முகப்பிலும் இந்த வட்டச் சாவிதான் இருந்தது. ஏழு பின், எட்டு ஆழம் என்றால் கணக்கில் 20,97,152 சாவிகள். நன்றாகக் கடைந்த பூட்டில் பேனா எதுவும் செய்யாது.

ஏழு ஊசிக் கருவியை நான் குறை சொல்லவில்லை. அழகான கருவி. ஆனால் முதலில் கையால், பிறகு கருவியால். முதலில் கருவியை எடுத்தவருக்கு, அது திறக்காத நாளில் ஏன் திறக்கவில்லை என்று தெரியாது.

கம்பிச்சுருள்:

அரமும் வைஸும் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சொந்தப் பூட்டு என்று சொல்லிவிட்டீர்கள், நல்லது. பயன்பாட்டில் இருக்கும் பூட்டில் பழக வேண்டாம், அது உங்களுடையதாக இருந்தாலும். பாதியில் நின்றால் இப்போது வந்த நிலைமைதான், அங்கே வைஸும் இருக்காது. பிக் கருவிகளை வைத்திருப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவி எனக்கு முதலில் வந்தது, கைவேலை பிறகு. திறந்த மகிழ்ச்சிதான் என்னை இதில் நிறுத்தியது. ஆகவே வரிசையில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

புதுக்கம்பி:

மிக்க நன்றி. நகல் சாவியின் வெளிமுளையை ராவினேன். நுழைந்தது, திரும்பியது, ஓய்வு நிலைக்கு வந்துவிட்டது. பிறகு சாவி இல்லாமல், நிறுத்தம் நிறுத்தமாக முழுச் சுற்றும் கையால் போய் வந்தேன். இறுகும் வரிசை மாறுவதை நன்றாக உணர முடிந்தது.

நண்பர் ஒருவர் ஏழு ஊசிக் கருவியை இரவல் தந்திருக்கிறார். அதை வைத்தால் இதே பூட்டு அசையவில்லை. ஊசிகளின் இறுக்கத்தை எப்படிச் சரிபார்ப்பது?

அரமும் வைஸும்:

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஊசியின் உராய்வு இரண்டு விசைகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். பின்னின் ஸ்பிரிங்கைவிட அதிகம், இறுகிய பின்னின் எதிர்ப்பைவிடக் குறைவு. அப்போதுதான் ஊசி பின்னைத் தள்ளிக்கொண்டு போகும், பின் ஷியர் லைனில் இறுகியதும் ஊசி பின்வாங்கி அந்த ஆழத்தைக் காட்டும்.

சோதனை இப்படி. எல்லா ஊசியையும் முன்னால் நீட்டி, திருப்பு விசை எதுவும் கொடுக்காமல் கருவியை உள்ளே அழுத்தி வெளியே எடுங்கள். ஊசிகள் பின்வாங்கியிருந்தால் அவற்றை இறுக்கிப் பிடிக்கும் வளையம் தளர்வு, இறுக்குங்கள். எதுவும் அசையவில்லை என்றால் அடுத்து மெல்லிய திருப்பு விசையோடு, சின்னச் சின்ன ஆட்டமாக அழுத்துங்கள். அப்போதும் ஒரு ஊசிகூடப் பின்வாங்கவில்லை என்றால் வளையம் அதிக இறுக்கம். பின்களை ஷியர் லைனுக்கு அப்பால் தள்ளுகிறீர்கள்.

முதல் சோதனையில் ஒரே ஒரு ஊசி மட்டும் பின்வாங்கினால் அந்தப் பின்னின் ஸ்பிரிங் மற்றவற்றைவிடக் கடினம். இந்தக் கருவியை ஏமாற்றவே சில பூட்டுகளில் அப்படி வைப்பார்கள். அந்த ஊசிக்கு மட்டும் உராய்வைக் கூட்ட வேண்டும். இரவல் கருவி என்பதால் ஊசியை வளைக்காதீர்கள். அந்தப் பின்னை முதலில் கம்பியால் உட்கார வைக்க முடிகிறதா பாருங்கள்.

திறந்தபின் ஊசிகளைக் கலைக்காமல் ஆழங்களை எழுதிக்கொள்ளுங்கள். பூட்டை நேராகப் பார்த்து, வெட்டிலிருந்து கடிகாரச் சுற்றில். சாவி முனையை உங்கள் பக்கம் திருப்பி ஒப்பிடும்போது எதிர்ச்சுற்றில் படிக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் கருவி சரியாகவே வேலை செய்கிறது.