புதுப்பிப்பு: சம்பளத்தை இரண்டு கணக்குகளில் பிரித்துப் போடுவது (அமெரிக்கா)

மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்க நினைத்தால் எதுவுமே மிஞ்சுவதில்லை, சம்பளம் வரும்போதே பிரிக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது, வங்கியின் தானியங்கி மாற்றத்தை விட்டுவிட்டு நிறுவனத்தின் பேரோல் (சம்பளப் பட்டுவாடா) தளத்திலேயே பிரிக்கச் சொன்ன யோசனை. டைரக்ட் டெபாசிட் (சம்பளம் நேராக வங்கிக் கணக்கில் விழும் வசதி) பக்கத்தில் இரண்டாவது கணக்கின் ரவுட்டிங் எண் (வங்கியைக் குறிக்கும் எண்), கணக்கு எண் கொடுத்து, வகையை 'சேவிங்ஸ்' என்று மாற்ற வேண்டும். சேமிப்புக்கு 150 டாலர் நிலையான தொகை. மீதி முழுவதும் அன்றாடச் செலவுக்கான செக்கிங் கணக்குக்கு. இரு வாரச் சம்பளம் என்பதால் ஆண்டுக்கு 26 முறை, அதாவது 3,900 டாலர். ஓவர்டைமால் வருமானம் ஏறி இறங்குபவர்கள் சதவீதமாகவே வையுங்கள்.

எதிர்பாராதது: முதல் சம்பளம் பிரியவே இல்லை, முழுவதும் பழைய கணக்குக்கே வந்தது. புதுக் கணக்குக்கு முதலில் 'பிரீநோட்' என்ற பூஜ்ய டாலர் சோதனை அனுப்புகிறார்கள். அது முடிந்து அடுத்த சம்பளத்தில்தான் பிரிந்தது. அதுவரை பழைய கணக்கை மூடிவிடாதீர்கள்.

சேமிப்புக் கணக்கு வேறு வங்கியில் இருக்கட்டும் என்றதும் மிகச் சரி. பணம் திரும்பி வர ஓரிரு வேலை நாள் ஆவதால் அவசரத்தில் கை வைக்கத் தோன்றுவதில்லை.

ஒரு எச்சரிக்கை: சம்பளமில்லா விடுப்பு எடுத்தாலும் அந்த 150 முதலில் போய்விடும், செக்கிங்கில்தான் குறையும். வாடகை அதிலிருந்து போகிறது என்றால் விடுப்புக்கு முன்பே தொகையைக் குறைத்துவிடுங்கள்.