காலிப்பர் பின்னுக்கு வீல் பேரிங் கிரீஸா?

ஸ்பேனர்14:
முன் வீல் சூடாகிறது என்று ஒருவர் நேற்றுக் கேட்டதற்குக் கோத்தகிரி லோடு சொன்ன பதிலைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. "காலிப்பர் பிடிக்கிறதா? பின் இரண்டையும் உருவி வீல் பேரிங் கிரீஸை அப்பி மாட்டுங்கள், வேலை முடிந்தது." ஏனுங்க அண்ணா, முடிவது வேலையா, பின்னா? புதிதாகப் படிப்பவர்களுக்கு: வீலோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட் வைத்து நெரிப்பது காலிப்பர், அது பக்கவாட்டில் வழுக்கி நகர உதவும் இரண்டு உலோகக் கம்பிகள்தான் பின். வீல் பேரிங் கிரீஸ் என்பது பெட்ரோலிய கிரீஸ். பின்மேல் உறை மாதிரி இருக்கும் பூட், பல வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் வளையம் மாதிரி வரும் சின்ன புஷ், இதெல்லாம் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற வகை ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். பிரேக்குக்கு என்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும்.

கோத்தகிரி லோடு:
22 வருடம் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் மூட்டை இறக்கியவன் நான். கிரீஸ் கன் பிடித்தே தேய்ந்த கை இது. ஒரு கொண்டை ஊசி வளைவில்கூட பிரேக் என்னைக் கைவிட்டதில்லை. உங்கள் சிலிக்கான் டியூப் கடைக்கு வருவதற்கு முன்னால் ஊரில் வண்டியே ஓடவில்லையா தம்பி?

ஸ்பேனர்14:
ஓடியது. நீங்கள் ஓட்டிய லாரியில் காலிப்பர் எங்கே இருந்தது? ஏர் பிரேக், நாலு பக்கமும் டிரம். டிரம்முக்குள் பிரேக் ஷூவை விரிக்கும் எஸ்-கேம் தண்டில் கிரீஸ் நிப்பிள் வைத்துக் கிரீஸ் அடிப்பதும் காலிப்பர் பின்னும் ஒன்றா?

கோத்தகிரி லோடு:
வீட்டில் காரும் இருக்கிறது. அதிலும் அதே கிரீஸ்தான். மூன்று வருடம் ஆச்சு.

ஸ்பேனர்14:
அந்த மூன்று வருடத்தில் பின்னை ஒரு தடவையாவது உருவிப் பார்த்தீர்களா? போன மாதம் பட்டறைக்கு வந்த காரில் நான் பார்த்தேன். மேல் பின் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கீழ் பின் வரவே இல்லை. பைப் ரெஞ்சில் பிடித்துத் திருகித் திருகி எடுத்தால், நுனியில் இருந்த புஷ் ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருக்கிறது. பூட் நனைந்த அப்பளம். உள்ளே மஞ்சளாக என்ன இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

புது ஓனர்:
அண்ணா, நேற்றுக் கேட்டது நான்தான். இடது முன் வீல் மட்டும், 20 கிலோமீட்டர் ஓட்டினாலே கை வைக்க முடியவில்லை. வலது வீல் சாதாரணமாக இருக்கிறது. உள் பக்கத்து பேட் 3 மில்லிமீட்டர், வெளிப் பக்கம் 8.

ஸ்பேனர்14:
பார்த்தீர்களா! உள் பேட் மட்டும் தேய்ந்திருக்கிறது. உள் பேட்டைப் பிஸ்டன் தள்ளும், வெளிப் பேட்டைக் காலிப்பர் நகர்ந்துதான் இழுக்க வேண்டும். காலிப்பர் நகரவில்லை. பின். பின்தான்.

பிஸ்டன் பித்தன்:
ஜோசியம் பார்க்கிறீர்களா? பிஸ்டன் திரும்பாவிட்டாலும் உள் பேட்தான் தேயும். பிஸ்டன் என்பது காலிப்பருக்குள் பிரேக் ஆயில் தள்ளும் உருளை. அதைச் சுற்றி இருக்கும் சதுர சீல், பிரேக் மிதிக்கும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னால் இழுக்கும். பிஸ்டன் துருப்பிடித்தால் அந்த இழுப்புப் போதாது. காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்துக்கொண்டாலும் வீல் பிடிக்கும். தம்பி, வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டு கொடு. பிரேக்கை மிதித்து விட்டு வீலைச் சுற்றிப் பார். பிடித்திருந்தால் காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திற. பளிச்சென்று ஆயில் அடித்து வீல் விட்டுக்கொடுத்தால் பிரஷர் மாட்டியிருக்கிறது, ஹோஸைப் பார். அப்படியும் பிடித்தால் பின் அல்லது பிஸ்டன்.

ஸ்பேனர்14:
நிப்பிள் சோதனை எனக்குத் தெரியாததா? பட்டறைப் பையன்கூடச் செய்வான். பேச்சு கிரீஸைப் பற்றி. ஹோஸை மாற்றிவிட்டு அதே மஞ்சள் கிரீஸைப் பின்னில் அப்பினால் ஆறு மாதத்தில் திரும்ப இங்கேதான் வருவார்.

பிஸ்டன் பித்தன்:
கிரீஸ், கிரீஸ், கிரீஸ். போன வருடம் எஞ்சின் ஆயில் இழையிலும் இப்படித்தான், பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடைசியில் யார் சொன்னது சரியாக வந்தது?

ஸ்பேனர்14:
அந்த இழையை மூடியது நிர்வாகி. நீங்கள் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு ஒரு வருடமாகத் தூங்குகிறீர்கள் போல.

தமிழ் வாத்தி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். காலிப்பர் தவறு, கேலிப்பர் என்பதே சரி. அதைவிட 'பிரேக் இடுக்கி' என்றே எழுதலாமே?

ஸ்பேனர்14:
"இடுக்கி சூடாகிறது" என்று கோவை உக்கடத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள் ஐயா, கொல்லன் பட்டறைக்கு வழி காட்டுவான்.

தமிழ் வாத்தி:
ஏளனம் வேண்டாம். ஸ்பேனருக்கே 'திருகி' என்ற சொல் உண்டு.

கோத்தகிரி லோடு:
நான் மேலே கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று வருடம். ஒரு சத்தம் இல்லை, ஒரு சூடு இல்லை. ரப்பர் ஊதுகிறதாம்! இவர் கடையில் சிலிக்கான் டியூப் ஸ்டாக் தேங்கிவிட்டது, அதுதான் விஷயம்.

ஸ்பேனர்14:
என் கடையைப் பற்றிப் பேச வேண்டாம் அண்ணா. ஒன்று செய்யுங்கள். பழைய பூட் ஒன்றை இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியை உங்கள் கிரீஸில் புதைத்து வையுங்கள், மறு பாதியை சும்மா வையுங்கள். பத்து நாள் கழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ போடுங்கள். அப்புறம் பேசலாம்.

கோத்தகிரி லோடு:
எனக்கு வேறு வேலை இருக்கிறது.

ஸ்பேனர்14:
தெரியும். போட்டோ வராது.

புது ஓனர்:
நிப்பிளைத் திறந்தேன். கொஞ்சம் ஆயில் வந்தது, வீல் அப்படியேதான் பிடித்திருக்கிறது. அப்படியானால் ஹோஸ் இல்லையா?

பிஸ்டன் பித்தன்:
இல்லை. பிஸ்டன். நான் முதலிலேயே சொன்னேன்.

ஸ்பேனர்14:
எங்கே சொன்னீர்கள்? "பின் அல்லது பிஸ்டன்" என்று எழுதியது மேலேயே இருக்கிறது. தம்பி, போல்ட் இரண்டையும் கழற்றி, பின்னைக் கையால் உள்ளே வெளியே தள்ளிப் பார். காலிப்பரைத் தொங்கவிடாதே, ஹோஸில் பாரம் விழக் கூடாது, ஒரு கம்பியில் கட்டு. பின்னில் மஞ்சளாக ஏதாவது இருந்தால் இங்கே வந்து சொல், அந்தப் பெரியவர் பார்க்கட்டும்.

கோத்தகிரி லோடு:
மஞ்சள் இருந்தால் அது பழைய ஓனர் போட்டது. அவரும் அனுபவஸ்தராகத்தான் இருப்பார்.