கத்தரிக்கோல எடுத்து வச்சிட்டு கிழிக்கச் சொன்னப்போ நடந்தது

பெரியவங்களுக்கு பேப்பர் கொலாஜ், அதாவது பேப்பர் துண்டுகள ஒட்டி படம் பண்றது, சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆச்சு, ஒரு பேட்ச்ல பத்து பன்னெண்டு பேர் இருப்பாங்க. வந்து உக்காந்ததும் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "எனக்கு வரையவே வராதுங்க". அதனால இப்பல்லாம் முதல் அரை மணி நேரம் டேபிள்ல பென்சில், கத்தரிக்கோல் எதுவும் இருக்காது, ஆளுக்கு ஒரு பழைய பத்திரிகையக் குடுத்து கிழிங்கன்னு மட்டும்தான் சொல்வேன். பேப்பர்ல நார் ஓடுற வாக்குல கிழிச்சா நேரா வரும், குறுக்க கிழிச்சா இஷ்டத்துக்குப் போகும். ஒரே கிழிசல்ல ஒரு துண்டுக்கு வெள்ளை விளிம்பு வரும், இன்னொண்ணுக்கு வராது. இதக் கண்டுபிடிச்சதுமே பாதி பேருக்கு பயம் போயிரும்.

ஒரு பேட்ச்ல எழுபத்தஞ்சு வயசு ஐயா ஒருத்தர், கை நடுக்கம் உண்டு, பொண்ணு வற்புறுத்திக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. கைய மடியிலயே வச்சுக்கிட்டு இருந்தார், இந்த வயசுல என்னத்தம்மா புதுசா கத்துக்கிறதுன்னார். பக்கத்துல உக்காந்து மேரி டெலானி கதையச் சொன்னேன். அந்தம்மா 1772-ல, 72 வயசுல கலர் பேப்பர பொடிப்பொடியா வெட்டி கருப்புத் தாள்ல ஒட்டி பூ பண்ண ஆரம்பிச்சவங்க, பத்து வருஷத்துல 985 பூ, கண்பார்வை மங்குனப்புறம்தான் நிறுத்துனாங்க, எல்லாம் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. ஐயா ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு நீலமா இருந்த ஒரு பக்கத்த இழுத்து மெதுவா கிழிச்சார். கை நடுங்குனதால விளிம்பு பூரா சின்னச் சின்ன வெள்ளை நெளிவு, அத ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினப்போ அப்படியே நுரை தள்ளுற கடல். நானும் எத்தனையோ தடவை முயற்சி பண்ணிட்டேன், எனக்கு அந்த விளிம்பு வரவே இல்ல.

*

படிக்கவே சந்தோஷமா இருக்குக்கா. நானும் ஒரு குரூப்புக்கு சொல்லிக் குடுக்குறேன், எனக்கு நடந்தது வேற மாதிரி. ஒரு பொண்ணு சிவப்புத் துண்டு ஒண்ண தாளோட ஓரத்துல தனியா வச்சிருந்தா, நான் நல்லதுன்னு நெனச்சு அத நகர்த்தி நடுவுல வச்சிட்டேன். அவ ஒண்ணும் சொல்லல, ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு துண்டையும் என் முகத்தப் பாத்துப் பாத்துதான் வச்சா, எனக்கு மனசே கேக்கல. அதுலருந்து யார் தாள்லயும் கை வைக்கிறதில்ல. பசைய கடைசி வரைக்கும் திறக்க விடாம, துண்டுகள மாத்தி மாத்தி வச்சு மொபைல்ல போட்டோ எடுத்துக்கச் சொல்றேன், எது புடிச்சிருக்குன்னு அவங்களே பாத்து முடிவு பண்ணிக்கிறாங்க.

ஒரே ஒரு சந்தேகம்க்கா, ஒட்டினதும் பேப்பர் அலை அலையா தூக்கிக்குதே?

*

பசையில தண்ணி ஜாஸ்திம்மா. ஈரம் பட்டா பேப்பர் விரியும். பின்பக்கம் மெல்லிசா தடவிட்டு ஒரு நிமிஷம் விடு, அது விரிஞ்சு முடிச்சதும் வச்சு நடுவுலருந்து ஓரத்துக்கு நீவிவிடு, அப்புறம் பட்டர் பேப்பர் மூடி மேல கனமான புத்தகம் ஏத்தி ராத்திரி பூரா விட்டுரு.

அந்தப் பொண்ணு சிவப்புத் துண்ட கடைசில எங்க ஒட்டுனா?

*

ஓரத்துலயேதான்க்கா.