ஒரே வயர் வருகிற வீட்டுக்கு நெட் நியூட்ராலிட்டி இருந்து என்ன லாபம்?

பெரும்பாக்கம்_பி_பிளாக்:
எங்கள் குடியிருப்பில் 240 வீடு. ஃபைபர் தருவது ஒரே கம்பெனி. கட்டும்போதே பில்டர் அவர்களோடு பேசி முடித்துவிட்டார், வேறு யாரும் உள்ளே வயர் இழுக்க முடியாது. (பெயர் வேண்டாம்.) ராத்திரி 9 மணிக்கு மேல் யூடியூப் 480-க்கு இறங்கி, அதற்கப்புறமும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. அதே நேரம் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 190 காட்டுகிறது. விபிஎன் (டிராஃபிக்கை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் ஆப்) போட்டால் அதே வீடியோ 1080-இல் பிசிறில்லாமல் ஓடுகிறது. மூன்று நாள் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். போன் செய்தால் "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்கிறார்கள். பிளானோடு அவர்களே தரும் ஓடிடி ஆப் மட்டும் ஒருநாளும் சுற்றியதில்லை. நெட் கம்பெனி எல்லாத் தளத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும், அதுதான் நெட் நியூட்ராலிட்டி என்று 2015-இல் பத்து லட்சத்துக்கும் மேல் மெயில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் போனதே, அதில் ஒன்று என்னுடையது. எதற்காக அனுப்பினோம்?

கேபிள்_பாபு:
சார், பதினைந்து வருஷமாக இந்த வயரோடு கிடக்கிறவன் சொல்கிறேன். விபிஎன்னில் ஓடுகிறது என்பதால் வேண்டுமென்றே அமுக்குகிறார்கள் என்று ஆகிவிடாது. யூடியூப் வீடியோ பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவதில்லை. கூகுள் கொடுத்த கேஷ் பெட்டி (அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களின் நகலை வைத்திருக்கும் சர்வர்) கம்பெனியின் ரேக்கிலேயே இருக்கும், இல்லையென்றால் கூகுளோடு நேர் இணைப்பு இருக்கும். ஒன்பது மணிக்கு ஊரே டிவி முன்னால் உட்காரும்போது அந்த ஒரு வழி மட்டும் நிரம்பிப்போகும். விபிஎன் போட்டால் டிராஃபிக் வேறு பாதையில் சுற்றிப் போகிறது, அது காலியாக இருக்கிறது. ஸ்பீடு டெஸ்ட் சர்வர் பக்கத்திலேயே இருப்பது. மோட்டார் ரூம் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு "தண்ணி நல்லா வருதே" என்று சொல்வது மாதிரிதான் அந்த 190. இதற்கும் நெட் நியூட்ராலிட்டிக்கும் சம்பந்தமே இல்லை.

நியூஜெர்சி_மச்சான்:
பாபு சொன்ன டெக்னிக்கல் எல்லாம் சரி. சம்பந்தமே இல்லை என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2013 கடைசியில் இங்கே அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற கம்பெனியின் நெட் வாங்கிய வீடுகளில் நெட்ஃபிளிக்ஸ் இப்படித்தான் திணறியது. யாரும் நெட்ஃபிளிக்ஸைத் தனியாகப் பிடித்து அமுக்கவில்லை, இரண்டு நெட்வொர்க் சேரும் இடத்தில் போர்ட் நிரம்பிக் கிடந்தது, யாரும் அகலப்படுத்தவில்லை. 2014 தொடக்கத்தில் நெட்ஃபிளிக்ஸ் காசு கொடுத்து நேர் இணைப்பு வாங்கியது, வேகம் மளமளவென்று ஏறியது. போர்ட் நிரம்புவது இயற்கை என்றே வைத்துக்கொள்வோம். நிரம்பியதை அப்படியே விட்டுவைப்பது யாரோ எடுக்கும் முடிவுதானே? வாடிக்கையாளர் நாளைக்கே வேறு கம்பெனிக்குப் போய்விடுவார் என்ற பயம் இருந்தால் அந்த முடிவு வேறாக இருக்கும்.

கேபிள்_பாபு:
காசு கொடுத்தால் என்ன தப்பு என்கிறேன். வீட்டுக்கு மாசம் 500, 600 வாங்குகிறோம். அதில் வரியும் லைசென்ஸ் கட்டணமும் போய், ரோடு தோண்டும்போதெல்லாம் அறுபடுகிற ஃபைபரை ஒட்டவைக்கும் செலவும் போய், மிச்சம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? எங்கள் வயரில் ஓடுவதில் பெரும்பங்கு வீடியோ. அதில் சம்பாதிப்பவர்கள் வயருக்கு ஒரு பங்கு தந்தால் குறைந்துபோய்விடுவார்களா? 2023-இல் டெலிகாம் கம்பெனிகள் டிராயிடம் கேட்டதும் இதைத்தான்.

மின்மினி_கோவை:
பாபு அண்ணா, அந்த வீடியோவை வரவழைத்தது நான். அதற்குத்தான் உங்களுக்கு 600 கட்டுகிறேன். ஒரே மூட்டைக்கு ஏற்றும் இடத்திலும் கூலி, இறக்கும் இடத்திலும் கூலியா? தென்கொரியாவில் இதைச் செய்து பார்த்தார்கள். அங்கே நெட்வொர்க் கட்டணம் மற்ற நாடுகளைப் போல 10 மடங்கு என்று சொல்லி, 2024 பிப்ரவரியில் கேம் விளையாடுவதை நேரலையில் காட்டும் ட்விட்ச் தளம் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. நஷ்டம் யாருக்கு, அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத்தானே? கூகுள் கொடுத்துவிடும், சரி. கோவையில் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடியோ ஆப் ஆரம்பித்தால் அவர்கள் எங்கே போவார்கள்?

பழைய_மோடம்:
எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பாதீர்கள். 2014 டிசம்பரில் ஏர்டெல் ஸ்கைப், வைபர் பேச்சுக்குத் தனி ரேட் என்று அறிவித்துப் பின்வாங்கியது. 2015 ஏப்ரலில் ஏர்டெல் ஸீரோ வந்தது (ஆப் கம்பெனி காசு கட்டினால் அந்த ஆப்புக்கு வாடிக்கையாளருக்கு டேட்டா இலவசம்), ஃபிளிப்கார்ட் அதிலிருந்து கழன்றுகொண்டது. அப்புறம் சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ். இவற்றுக்கெல்லாம் முற்றுப்புள்ளியாக 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி டிராய் விதி போட்டது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். ஆனால் அது *விலை* பற்றிய விதி மட்டும்தான். தளத்தை மறிக்காதே, மெதுவாக்காதே, ஒருவனுக்கு மட்டும் வேகம் கொடுக்காதே என்பதெல்லாம் 2018-இல்தான் லைசென்ஸுக்குள் வந்தது. அதிலும் சிடிஎன், அதாவது பாபு சொன்ன மாதிரி வீடியோவைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடு, விதிவிலக்கு. ஆகவே பி பிளாக் நண்பருக்கு: சட்டத்தை எடுத்துக்கொண்டு போனால் உங்கள் கேஸ் நிற்காது. கம்பெனி வேண்டுமென்றே செய்கிறது என்று 240 வீட்டில் ஒருவராலும் நிரூபிக்க முடியாது.

கேபிள்_பாபு:
இதைத்தானே சொல்ல வந்தேன்! விதியால் உங்கள் வீடியோ ஓடாது. இன்னொரு வயர் வந்தால் ஓடும்.

நியூஜெர்சி_மச்சான்:
இன்னொரு வயர் வரும் வரைக்கும்? 2005-இல் வட கரோலைனாவில் மேடிசன் ரிவர் என்ற டெலிபோன் கம்பெனி, தன் நெட் வழியாக வோனேஜ் என்ற இணையப் போன் சேவையில் பேச முடியாமல் மறித்தது. தன் போன் பிசினஸ் படுத்துவிடும் என்ற பயம். இங்கத்திய டிராய் மாதிரியான எஃப்சிசி தலையிட்டு 15,000 டாலர் கட்டவைத்தது. விதியே இல்லாவிட்டால் யார் கேட்டிருப்பார்கள்? எங்கள் ஊர் விதியின் கதை வேறு, அது சிரிப்பாய்ச் சிரிக்கிறது: 2015-இல் போட்டார்கள், 2017-இல் எடுத்தார்கள், 2024-இல் மறுபடி போட்டார்கள், 2025 ஜனவரியில் கோர்ட் "எஃப்சிசிக்கு அந்த அதிகாரமே கிடையாது" என்று அடித்துவிட்டது. கலிபோர்னியா மாதிரி மாநிலங்கள் சொந்தச் சட்டம் வைத்திருப்பதால் கொஞ்சம் மிச்சம். என் தெருவில் கேபிள் கம்பெனி ஒன்றுதான். கோபித்துக்கொண்டு போக இடமில்லாதவனுக்கு இருப்பது அந்த விதி மட்டும்தான் சார்.

மின்மினி_கோவை:
பில்டர் எப்படி ஒரே கம்பெனிக்கு எழுதிக்கொடுக்க முடியும்? தண்ணீர் லாரிக்கு இப்படிச் செய்தால் சும்மா இருப்போமா?

பழைய_மோடம்:
கேட்க வேண்டிய கேள்வி. 2017 ஜனவரியிலேயே டிராய் இதைப் பற்றிப் பரிந்துரை கொடுத்தது: கட்டடத்துக்குள் போடும் வசதியைப் பகிர வேண்டும், மற்ற கம்பெனியை உள்ளே விடாத தனி ஒப்பந்தத்தை லைசென்ஸ் மீறலாக எடுத்துக்கொள்ளலாம் என்று. 2024-இல் கட்டடங்களுக்கு இணைய வசதியை வைத்து ஸ்டார் ரேட்டிங் கொடுக்கும் விதியும் வந்திருக்கிறது. அது விருப்பப்பட்ட பில்டருக்கு. அமெரிக்காவில் 2022-இல் அடுக்குமாடிகளில் கம்பெனிக்கும் கட்டட உரிமையாளருக்கும் இடையிலான தனிப்பட்ட வருமானப் பங்கீட்டைத் தடை செய்தார்கள்.

கேபிள்_பாபு:
உள்ளே நடப்பதை நான் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பில்டருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்துத்தான் நுழைவோம். பேப்பரில் "தனி உரிமை" என்று ஒரு வரிகூட இருக்காது. மாடிகளுக்கு வயர் ஏறும் ஷாஃப்டின் சாவி எங்கள் ஆளிடம் இருக்கும், அவ்வளவுதான். வேறு கம்பெனி ஆள் வந்தால் செக்யூரிட்டி "சாவி இல்லை சார், செக்ரட்டரியைக் கேளுங்கள்" என்பார். செக்ரட்டரி வீட்டுக்கு நெட் இலவசம்.

மின்மினி_கோவை:
அண்ணா, இவ்வளவும் தெரிந்துகொண்டா கூகுள் காசு கொடுக்கட்டும் என்று வாதாடினீர்கள்?

கேபிள்_பாபு:
அதையும் விடவில்லை மா. இரண்டும் உண்மைதான்.

பெரும்பாக்கம்_பி_பிளாக்:
பாபு சார் எழுதியதைப் படித்துவிட்டு காலையில் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் பிளாக் ஷாஃப்டைத் திறக்க வைத்தேன். கீழிருந்து எட்டாவது மாடி வரை மூன்று பிவிசி பைப். ஒன்றில்தான் ஃபைபர். மற்ற இரண்டும் காலி, உள்ளே வயர் இழுக்க விட்ட நைலான் கயிறுகூட அப்படியே தொங்குகிறது. "இடமில்லை" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் செக்ரட்டரி வீட்டு பில்லைப் பார்க்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

கேபிள்_பாபு:
கயிறு இருந்தால் பாதி வேலை முடிந்தது. 25, 30 வீட்டுக் கையெழுத்து வாங்கி உங்கள் ஏரியா பிஎஸ்என்எல் ஃபைபர் பார்ட்னரிடம் போங்கள், ஆள் வருவார். அசோசியேஷன் கூட்டத்தில் "வேறு கம்பெனி வேண்டும்" என்று பேசாதீர்கள், சண்டை வரும். "ஷாஃப்ட் சாவி ஆபீஸில் இருக்க வேண்டும்" என்று மட்டும் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

பழைய_மோடம்:
கையோடு ராத்திரி 9 மணிக்கு விபிஎன் இல்லாமல் ஒரு ட்ரேஸ்ரூட் (டிராஃபிக் எந்தெந்த இடம் வழியாகப் போகிறது என்று காட்டும் சோதனை), விபிஎன்னோடு ஒன்று. ஒரு வாரம் எடுத்து இங்கே போடுங்கள். நிரம்பியிருப்பது எந்த இடம் என்று ஓரளவுக்காவது பிடிபடும்.

பெரும்பாக்கம்_பி_பிளாக்:
இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்.

கேபிள்_பாபு:
இன்றைக்கு வேண்டாம் சார், மேட்ச் இருக்கிறது. எல்லார் வீட்டிலும்தான் சுற்றும்.