40 த்ரெட் பழைய சர்வர், 16 த்ரெட் லேப்டாப்பிடம் ஏன் தோற்கிறது?

தூங்காவிளக்கு எழுதியது:

வணக்கம். அலுவலகத்தில் ஓய்வு கொடுத்து ஓரமாக வைத்திருந்த சர்வர் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. உள்ளே இரண்டு இன்டெல் ஜியான் இ5-2680 வி2 பிராசசர்கள். ஒவ்வொன்றிலும் 10 கோர் (கணக்கிடும் அலகு), 20 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச் சரடு). ஆக மொத்தம் 40 த்ரெட். ராம் 64 ஜிபி. நான் அன்றாடம் பயன்படுத்துவது ஏஎம்டி ரைசன் 7 5800ஹெச் உள்ள லேப்டாப். 8 கோர், 16 த்ரெட், 16 ஜிபி ராம். இரண்டிலும் ஒரே லினக்ஸ் பதிப்பு, இரண்டிலும் எஸ்எஸ்டி.

நாற்பது எங்கே, பதினாறு எங்கே என்ற நம்பிக்கையில் மூன்று வேலைகளை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தேன்.

பெரிய சி++ திட்டம் ஒன்றை முழுவதுமாகக் கம்பைல் செய்ய (மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்ற) லேப்டாப்புக்கு 11 நிமிடம், சர்வருக்கு 14. பதிவுக் கோப்புகளைப் படித்துக் கணக்கெடுக்கும் பைத்தான் நிரலுக்கு லேப்டாப்பில் 6 நிமிடம், சர்வரில் 13. மூன்றாவதாக, நானே எழுதிய படச் செயலாக்க நிரல். லேப்டாப்பில் கம்பைல் செய்து அப்படியே சர்வருக்கு நகலெடுத்தேன். தொடங்கிய கணமே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று சொல்லிவிட்டு விழுந்துவிடுகிறது.

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். இந்த யானை நின்றுகொண்டே தோற்கிறது. பிராசசர் பழுதாகிவிட்டதா? மாற்றவேண்டுமா?

கரையான்புற்று எழுதியது:

பிராசசர் நன்றாகத்தான் இருக்கிறது. பழுதான பிராசசர் இவ்வளவு ஒழுங்காகப் பிழைச்செய்தி கொடுக்காது.

மூன்றாவது பிரச்சினையை மட்டும் நான் முடித்துவைக்கிறேன். கம்பைலருக்கு 'மார்ச்=நேட்டிவ்' என்ற குறிப்பைக் கொடுத்திருப்பீர்கள். இந்த மார்ச் மாதமல்ல, கணினியின் கட்டமைப்பு. 'இந்த இயந்திரத்தில் உள்ள எல்லாக் கட்டளைகளையும் தாராளமாகப் பயன்படுத்து' என்பது அதன் பொருள். உங்கள் ரைசனில் ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ என்ற கணக்குக் கட்டளைத் தொகுப்புகள் இரண்டும் உண்டு. ஐவி பிரிட்ஜ் தலைமுறையைச் சேர்ந்த உங்கள் ஜியானில் அவற்றுக்கு முந்தைய ஏவிஎக்ஸ் மட்டும்தான். தனக்குத் தெரியாத கட்டளை வந்ததும் அது கையை விரித்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏவிஎக்ஸ்2 கொண்ட ஹாஸ்வெல் பிராசசர்கள் மேசைக் கணினிகளுக்கு 2013 ஜூனிலேயே வந்துவிட்டன. உங்கள் இ5 வி2 வெளியானது அதே ஆண்டு செப்டம்பரில். பிறகு பிறந்தும் ஒரு தலைமுறை பின்தங்கியது; சர்வர் வரிசை அந்தக் காலத்தில் அப்படித்தான் நடந்தது. அதனால் வெளியான ஆண்டைப் பார்த்துத் திறனை ஊகிக்காதீர்கள். 'எல்எஸ்சிபியு' கட்டளையை ஓட்டி, கொடிகளின் (பிராசசரின் திறன்களைக் குறிக்கும் சொற்களின்) பட்டியலில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று பாருங்கள்.

தீர்வு: சர்வரிலேயே கம்பைல் செய்யுங்கள். அல்லது 'நேட்டிவ்' இருக்கும் இடத்தில் 'ஐவிபிரிட்ஜ்' என்று கொடுங்கள். அது இரண்டிலும் ஓடும். தசமக் கணக்குகளில் கடைசி இலக்கம் மட்டும் இரண்டு இயந்திரங்களிலும் மாறினால் அதற்கும் ஒரு புது இழை தொடங்கிவிடாதீர்கள். எஃப்எம்ஏ பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்துச் செய்து, விடையின் கடைசி இலக்கத்தை ஒரே முறை முழுமையாக்கும் (ரவுண்ட் செய்யும்). அது இல்லாத பிராசசர் இரண்டு முறை முழுமையாக்கும்.

சும்மாயிரு எழுதியது:

பத்து வருடத்துக்கு மேற்பட்ட பெட்டி. ஒரு பிராசசருக்கு 115 வாட் என்று இரண்டுக்கும் 230 வாட் வெப்பக் கணக்கு. உங்கள் லேப்டாப் பிராசசருக்கு 45. அந்த இரைச்சலையும் சூட்டையும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? தூக்கிப் போடுங்கள்.

நாழிகைவட்டில் எழுதியது:

தூக்கிப் போடுவதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ளலாமே.

பைத்தான் நிரலை எடுத்துக்கொள்வோம். நீங்கள் தனியாக எதுவும் செய்யாதவரை அது ஒரே ஒரு த்ரெட்டில்தான் ஓடும். அங்கே 40 என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. 39 பேர் கைகட்டி நிற்க ஒருவர் மட்டும் மண் சுமக்கிறார். அப்போது கேட்கவேண்டிய கேள்வி, ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான். 5800ஹெச் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 2680 வி2 அதிகபட்சம் 3.6. வித்தியாசம் இதோடு முடிந்திருந்தால் 6 நிமிட வேலைக்குச் சர்வர் ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்திருக்கவேண்டும். ஆனால் கடிகாரத்தின் ஒரு துடிப்பில் எத்தனை கட்டளைகளை முடிக்கிறது என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் வந்த, உங்கள் லேப்டாப்பில் உள்ள ஸென் 3 வடிவமைப்பின் ஒரு கிகாஹெர்ட்ஸும், ஐவி பிரிட்ஜின் ஒரு கிகாஹெர்ட்ஸும் ஒன்றல்ல. கிகாஹெர்ட்ஸை வைத்து இரண்டு தலைமுறைகளை ஒப்பிடுவது, காலடி எண்ணிக்கையை மட்டும் வைத்து யார் அதிக தூரம் நடந்தார்கள் என்று சொல்வதைப் போன்றது.

சிறு சிறு கோப்புகளாக ஆயிரக்கணக்கில் படிக்கிறீர்களா? அப்படியானால் இன்னொன்றும் உண்டு. 2018 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கான தடுப்பு, பழைய இன்டெல் பிராசசர்களில் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் போய்வரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுங்கம் வசூலிக்கும். ஏஎம்டி பிராசசர்களுக்கு அந்த ஓட்டை கிடையாது.

இத்தனையும் சேர்த்தாலும் 13 நிமிடம் அதிகம்தான். பத்து, பதினொன்று என்றால் பேசாமல் இருந்திருப்பேன். நிரல் ஓடும்போது கடிகார வேகம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். 2.8லேயே நிற்கிறதா?

பத்தாயம் எழுதியது:

கம்பைல் விஷயத்தில் எனக்கு ராம் மீதுதான் சந்தேகம். 64 ஜிபி எத்தனை அட்டைகளாக இருக்கிறது? எந்த எந்த இடத்தில் செருகியிருக்கிறது? 'நியூமாசிடிஎல்' கட்டளைக்கு 'ஹார்ட்வேர்' என்ற விருப்பத்தைக் கொடுத்து, வரும் விடையை இங்கே எழுதுங்கள்.

தூங்காவிளக்கு எழுதியது:

கரையான்புற்று ஐயா, அதுவேதான் காரணம். சர்வரிலேயே கம்பைல் செய்தேன், ஓடிவிட்டது. நன்றி, திட்டுக்கும் சேர்த்து.

நாழிகைவட்டில், நிரல் ஓடும்போது வேகம் 2.8ஐத் தாண்டவே இல்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பத்தாயம், நான்கு அட்டைகள், ஒவ்வொன்றும் 16 ஜிபி. நீங்கள் சொன்ன கட்டளையில் முனையம் 0க்கு நேரே 64 ஜிபி என்று வருகிறது. முனையம் 1க்கு நேரே பூஜ்யம். இது சரிதானா?

பத்தாயம் எழுதியது:

சரியே இல்லை. முனையம் என்பது ஒரு பிராசசரும் அதன் பக்கத்து ராமும். நான்கு அட்டைகளையும் முதல் பிராசசரின் பக்கத்திலேயே செருகியிருக்கிறார்கள். மின்விசிறியைக் கழற்றாமல் கை எட்டிய இடம் அதுவாக இருந்திருக்கும்.

இரட்டைப் பிராசசர் சர்வரில் ராம் பொதுச் சொத்து அல்ல. ஒவ்வொரு பிராசசருக்கும் தன் பக்கத்தில் சொந்தமாக நான்கு சேனல்கள் (ராமுக்குப் போகும் பாதைகள்) உண்டு. அடுத்தவர் பக்கத்து ராம் வேண்டுமென்றால் நடுவில் உள்ள க்யூபிஐ இணைப்பைக் கடந்து போய்க் கேட்டு வாங்கவேண்டும். உங்கள் இரண்டாவது பிராசசருக்குச் சொந்த வீட்டில் ஒரு மணி அரிசிகூட இல்லை. ஒவ்வொரு பைட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறது. பத்துக் கோரும் இப்படி ஓடினால் முதல் பிராசசருக்கும் அது தொல்லைதான்.

அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துக்கு இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். எந்த இடம் முதலில் என்பது மூடியின் உட்புறத்தில் படமாக ஒட்டியிருக்கும். பக்கத்துக்கு நான்கு அட்டைகள் இருந்தால்தான் முழு வேகம்: டிடிஆர்3-1866 நான்கு சேனலில் ஒரு பிராசசருக்கு நொடிக்கு 59.7 ஜிபி. இரண்டு அட்டை என்றால் அதில் பாதி. உங்கள் லேப்டாப்பில் டிடிஆர்4-3200 இரண்டு சேனலில் 51.2 ஜிபி. பின்னாளில் அட்டைகள் வாங்கினால் சர்வருக்கான ரெஜிஸ்டர்டு வகையா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண மேசைக் கணினி அட்டையை இவற்றோடு கலந்தால் கணினி எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

நாழிகைவட்டில் எழுதியது:

2.8 என்பது அதன் அடிப்படை வேகம். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் டர்போவை, அதாவது தேவைப்படும்போது வேகத்தை உயர்த்தும் வசதியை, யாரோ அணைத்துவைத்திருக்கிறார்கள். சர்வர் அறைகளில் சூடும் மின்சாரமும் ஒரே சீராக இருக்கவேண்டும் என்று இப்படிச் செய்வது உண்டு. ராமை மாற்றும்போது அதையும் இயக்கிவிடுங்கள். 3.6 என்பது ஓரிரு கோர்கள் மட்டும் உழைக்கும்போது கிடைப்பது; பத்தும் உழைத்தால் சுமார் 3.1 வரைதான்.

லேப்டாப்பையும் நியாயமாகச் சோதியுங்கள். அந்த 11 நிமிடம் குளிர்ந்திருந்த லேப்டாப்பில் எடுத்ததுதானே? இடைவெளி இல்லாமல் மூன்று முறை கம்பைல் செய்து, மூன்றாவது முறையின் நேரத்தை எழுதுங்கள். மெல்லிய உடம்புக்குள் இருக்கும் பிராசசர் முதல் சில நிமிடங்கள் பாயும், பிறகு மூச்சு வாங்கும். ஒற்றை மதிப்பெண் கொடுத்து வரிசைப்படுத்தும் ஒப்பீட்டுப் பட்டியல்களில் இந்த மூச்சு வாங்கலைப் பார்க்கவே முடியாது.

தூங்காவிளக்கு எழுதியது:

இரண்டு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ராமைப் பிரித்துப் போட்டேன். இரண்டு முனையங்களிலும் 32, 32 என்று வருகிறது. டர்போவையும் இயக்கினேன்.

கம்பைல் 14இலிருந்து ஒன்பதரை நிமிடத்துக்கு இறங்கியது. லேப்டாப்பில் மூன்று முறை தொடர்ந்து ஓட்டியதில் கடைசி முறை 13 நிமிடம். விசைப்பலகையில் கை வைக்க முடியவில்லை. பைத்தான் நிரல் சர்வரில் பத்தரை நிமிடம். இதற்கு மேல் குறையாது என்று புரிகிறது.

ஆனால் ஒன்று. ஒரே ஒரு கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்தால் லேப்டாப்தான் முந்துகிறது. ஒருநாளில் நான் ஐம்பது முறை செய்வது அதைத்தான்.

நாழிகைவட்டில் எழுதியது:

அது அப்படியே இருக்கும். ஒரு கோப்பைக் கம்பைல் செய்வது, பிறகு எல்லாத் துண்டுகளையும் ஒரே நிரலாக்கும் இணைப்புப் படி. அங்கே கோர் எண்ணிக்கைக்கு வேலை குறைவு. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் சொன்ன கணக்குதான். வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க முடியாது என்றால், 20 கோர் போட்டாலும் வேகம் ஏழு மடங்கைத் தொடாது. எவ்வளவு கோரைக் குவித்தாலும் பத்து மடங்கைத் தாண்டாது.

உங்கள் பதிவுக் கோப்புகள் நாள்வாரியாகத்தானே இருக்கின்றன? ஒரு நாளின் கணக்கு இன்னொரு நாளைச் சார்ந்திருக்கவில்லை என்றால், தனித்தனிப் பிராசஸாக (தனியே ஓடும் நிரல் பிரதியாக) பிரித்து ஓட்டிப் பாருங்கள்.

தூங்காவிளக்கு எழுதியது:

பிரித்தேன். ஒவ்வொரு பிராசஸும் இரண்டரை ஜிபி ராம் கேட்கிறது. லேப்டாப்பில் ஐந்துக்கு மேல் திறந்தால் ராம் போதாமல் எஸ்எஸ்டியை நாடும் ஸ்வாப்பில் விழுந்து நடக்கவே மறுக்கிறது. ஐந்தோடு நிறுத்தி இரண்டு நிமிடத்தில் முடித்தேன். சர்வரில் இருபது பிராசஸை ஒன்றாக அவிழ்த்துவிட்டேன். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல்.

பத்தாயம் எழுதியது:

வென்றது கோர் இல்லை, ராம். அதைக் கவனித்தீர்களா? இந்த பிராசசர் ஒன்றே 768 ஜிபி வரை தாங்கும், பிழை திருத்தும் ஈசிசி ராமோடு. கூடுதல் அட்டைகளை இணைக்கும் பிசிஐஇ 3.0 பாதைகள் பிராசசருக்கு 40. ராத்திரி முழுக்க ஓடும் வேலை, நாலைந்து மெய்நிகர் கணினிகள் என்றால் கிழவர் இன்னும் உழைப்பார்.

தூங்காவிளக்கு எழுதியது:

கடைசியாக ஒரு பேராசை. இதே மதர்போர்டில் அடுத்த தலைமுறையான வி3 பிராசசர் வாங்கிப் போட்டால் ஏவிஎக்ஸ்2 கிடைத்துவிடுமா?

கரையான்புற்று எழுதியது:

கிடைக்காது. வி3 உட்காரும் சாக்கெட் வேறு. உங்களுடையது 2011; அதன் பெயர் 2011-3 என்று ஒட்டிக்கொண்டு வந்து ஆளை ஏமாற்றும். ராமும் டிடிஆர்4. பிராசசர், பலகை, ராம் மூன்றையும் மாற்றினால் பழைய பெட்டியில் மிஞ்சுவது தகரம் மட்டும்.

அதைவிட இயங்குதளத்தைக் கவனியுங்கள். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10, ஏவிஎக்ஸ்2 இல்லாத பிராசசர்களைக் கைவிட்டுவிட்டது. நீங்கள் இப்போது வைத்திருக்கும் பதிப்பு எதுவரை ஆதரவு பெறும் என்று பார்த்து வையுங்கள்.

தூங்காவிளக்கு எழுதியது:

அப்படியானால் பெட்டியை அப்படியே விட்டுவிடுகிறேன். லேப்டாப்பில் எழுதி, முழுக் கம்பைலையும் பதிவுக் கணக்கையும் தொலைவிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக மாடியறையில் உள்ள சர்வருக்கு அனுப்புகிறேன். சும்மாயிரு அவர்கள் இரைச்சலைப் பற்றிச் சொன்னது மட்டும் முழு உண்மை. கதவைச் சாத்தினாலும் கேட்கிறது. வேலை முடிந்ததும் தானாக அணையும்படி ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.