ரெட்மி ஏ4: ஏர்டெல்ல 5ஜி வருமா, வராதா?
(2024 நவம்பர்ல, இந்தப் போன் வந்த புதுசுல நடந்த விவாதம். விலை, நெட்வொர்க், ரீசார்ஜ் எல்லாம் அப்ப இருந்த நிலவரம்.)

சிக்னல்தேடி:
"8,499 ரூபாய்க்கு 5ஜி வந்தாச்சு, இனி 4ஜி போன் வாங்குறவன் காசைக் கிணத்துல போடுறான்." ரெட்மி ஏ4 பத்தி பட்ஜெட்புலி நேத்து விட்ட அறிக்கை இது. கீழே வரிசையா "அருமை தல", "நன்றி தல"ன்னு கைதட்டல் வேற. கைதட்டின யாராவது விவரப் பட்டியலைக் கடைசி வரைக்கும் படிச்சீங்களா? 5ஜி பேண்டுன்னு போட்டிருக்கிற இடத்துல எஸ்ஏ (4ஜியை நம்பாம தனியா ஓடுற 5ஜி) மட்டும்தான் இருக்கு, என்எஸ்ஏ (4ஜி தோள்ல ஏறி ஓடுற 5ஜி) கிடையாது. ஏர்டெல் செல்போனுக்குக் கொடுக்கிற 5ஜி என்எஸ்ஏ, அதாவது ஏற்கெனவே இருக்கிற 4ஜி கோர் (நெட்வொர்க்கோட மையப்பகுதி) மேல ஏத்திவிட்டது. தனி கோர் போட்டு எஸ்ஏ ஓட்டுறது ஜியோ மட்டும்தான். வோடபோன் இன்னும் ஒழுங்கா ஆரம்பிக்கவே இல்லை, பிஎஸ்என்எல்லைக் கேக்கவே வேணாம். ஆக ஏர்டெல் சிம்மைப் போட்டா இது வெறும் 4ஜி போன். காசைக் கிணத்துல போடுறது யாருன்னு இப்ப சொல்லுங்க.

பட்ஜெட்புலி:
வந்துட்டாருய்யா. நல்ல விஷயம் ஒண்ணு சொன்னா அதுல முடி கண்டுபிடிக்காம தூக்கம் வராது உங்களுக்கு. 6.88 இன்ச் திரை, 120 ஹெர்ட்ஸ், 5,160 எம்ஏஎச் பேட்டரி, 4 நானோமீட்டர் ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சிப், யுஎஃப்எஸ் 2.2 ஸ்டோரேஜ், ஹெட்போன் ஓட்டை. இதெல்லாம் 8,499க்கு. இதே காசுக்கு இன்னொண்ணு காட்டுங்க, நான் இங்க எழுதுறதையே நிறுத்திடறேன்.

சிக்னல்தேடி:
நான் கேட்டது ஏர்டெல்ல 5ஜி வருமா, வராதா? திரை எத்தனை இன்ச்சுன்னு கேக்கலை.

பட்ஜெட்புலி:
நாட்டுலயே அதிகம் பேர் கையில இருக்கிறது ஜியோ சிம். அவங்களுக்கு வரும். போதுமா?

சிக்னல்தேடி:
போதாது. பெட்டி மேல "5ஜி"ன்னு பெருசா அச்சடிச்சிருக்கானே, "ஜியோ 5ஜி"ன்னா அச்சடிச்சிருக்கான்? ஏர்டெல்ல வருமா, வராதா? ஒத்தை வார்த்தையில பதில் சொல்ல உங்களுக்கு என்ன கஷ்டம்?

ரிச்சித்தெருவாசி:
கடையில நிக்கிறவன் சொல்றேன் கேளுங்க. வர்றவங்க "5ஜி இருக்கா"ன்னு மட்டும்தான் கேப்பாங்க. "என்ன சிம் சார்?"னு திருப்பிக் கேட்டா "அது எதுக்கு உனக்கு?"ன்னு முறைக்கிறாங்க. இதுல எஸ்ஏ, என்எஸ்ஏன்னு பாடம் எடுத்தா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. அப்புறம் ஒண்ணு. இந்த மார்ச்ல போக்கோ எம்6 5ஜி ஏர்டெல் பதிப்புன்னு 8,799க்கு வந்துச்சே, அதுல 18 மாசத்துக்கு வேற சிம்மே போட முடியாது. அப்ப எங்க போச்சு இந்தக் கோபம்?

சிக்னல்தேடி:
அது பூட்டு போட்ட போன்னு வெளிப்படையா சொல்லித்தான் வித்தாங்க, தெரிஞ்சவன் வாங்கினான். இங்க விவரப் பட்டியலோட அடியில எஸ்ஏன்னு ரெண்டு எழுத்து. அதுக்கு என்ன அர்த்தம்னு எட்டாயிரம் ரூபாய் போன் வாங்குறவருக்கு யார் சொல்லப் போறது? நீங்க சொல்லலைன்னு இப்பத்தான் நீங்களே சொன்னீங்க.

ரிச்சித்தெருவாசி:
என்னை ஏன் சார் இழுக்கிறீங்க. நான் செய்யறது யாவாரம்.

கரிசல்காட்டான்:
எங்க ஊருல ஜியோவும் 4ஜிதான், ஏர்டெல்லும் 4ஜிதான், மழை பெஞ்சா ரெண்டுமே இல்ல. நீங்க மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு எஸ்ஏ, என்எஸ்ஏன்னு மல்லுக்கட்டுதியளே. பேட்டரி ரெண்டு நாளு நிக்குமா, அதச் சொல்லுங்கய்யா.

பட்ஜெட்புலி:
நிக்கும் அண்ணாச்சி. வீடியோ அதிகம் பாக்கலைன்னா தாராளமா ஓடும். போன் எடுத்துக்கறது 18 வாட், ஆனா பெட்டிக்குள்ளேயே 33 வாட் சார்ஜர் வச்சுக் கொடுக்கிறான். ஐம்பதாயிரம் ரூபாய் போன்ல சார்ஜரே வைக்காத காலத்துல இதைப் பாராட்ட ஒருத்தருக்கும் மனசு வரலை.

பழையநோக்கியா:
18 வாட் எடுத்துக்கற போனுக்கு 33 வாட் சார்ஜர் எதுக்கு? எட்டாம் நம்பர் காலுக்குப் பத்தாம் நம்பர் செருப்பா?

பட்ஜெட்புலி:
அடுத்த போனுக்கு ஆகும்ல. கூடக் கொடுத்தாலும் குத்தமா?

பழையநோக்கியா:
அடுத்த போனை இப்பவே வாங்க வைக்கிறாங்கன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

சிக்னல்தேடி:
சார்ஜர் பேச்சுல ஒளிஞ்சுக்காதீங்க. நான் கேட்ட கேள்வி அப்படியே நிக்குது. இன்னொண்ணும் சேத்துக்கங்க. இந்த ஜூலையில கட்டணம் ஏத்தினாங்களே, அதுக்கப்புறம் ஜியோவுல அளவில்லாத 5ஜி வேணும்னா ஒரு நாளைக்கு 2 ஜிபி திட்டமாவது போடணும். 28 நாளுக்கு 349 ரூபாய். 299 ரூபாய் போட்டு 1.5 ஜிபி வாங்குறவருக்கு அந்த வசதி கிடையாது. 8,499க்குக் கணக்குப் பாத்து போன் வாங்குறவர் எந்த ரீசார்ஜ் போடுவார்? அப்ப இவர் சொல்ற ஜியோக்காரங்கள்லயும் பாதிப்பேர் கழண்டுக்கறாங்க. மிச்சம் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் இது 5ஜி போன். இதைத்தான் இவர் "இனி 4ஜி வாங்குறவன் முட்டாள்"னு எழுதினார்.

பட்ஜெட்புலி:
முட்டாள்னு நான் எழுதவே இல்லை. கிணறுன்னுதான் எழுதினேன். இல்லாததைச் சேக்குறது உங்களுக்குப் பழக்கம். "பாதிப்பேர்"ங்கிற கணக்கும் அப்படித்தான், யார் எண்ணிக் கொடுத்தாங்க உங்களுக்கு? 2022 அக்டோபர்ல சென்னையில ஏர்டெல் 5ஜி வந்தப்ப ஐபோன்லயே எடுக்கலை சார். டிசம்பர்ல அப்டேட் வந்த பிறகுதான் எடுத்துச்சு. லட்ச ரூபாய் போனுக்கே அந்த நிலைமை. இதுக்கும் ஒரு அப்டேட் வரலாம். இல்லேன்னா ஏர்டெல்லே எஸ்ஏவுக்கு மாறலாம்.

சிக்னல்தேடி:
ஐபோன் மோடத்துக்குள்ள, அதாவது சிக்னல் பிடிக்கிற சிப்புக்குள்ள, ரெண்டு வகையும் இருந்துச்சு, மென்பொருள்ல திறந்துவிட்டாங்க. இங்க என்எஸ்ஏவே பட்டியல்ல இல்லை. இல்லாத கதவை எந்த அப்டேட் திறக்கும்? ஏர்டெல் மாறினா மாறட்டும், அன்னைக்கு வந்து எழுதுங்க. இன்னைக்கு ஏர்டெல்ல வருமா, வராதா?

டீச்சரம்மா:
வணக்கம். மகளுக்கு ஒரு போன் தேவைப்படுகிறது. பத்தாயிரத்துக்கு மேல் முடியாது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஏர்டெல்தான். இதை வாங்கலாமா, வேண்டாமா?

பட்ஜெட்புலி:
கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் மேடம். 9,499க்கு 128 ஜிபி இருக்கு, அதையே எடுங்க. மகளோட நம்பரை மட்டும் ஜியோவுக்கு மாத்திடுங்க. 1900க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினா போர்ட் கோடு வரும், அதைக் காட்டி ஜியோ சிம் வாங்கிக்கலாம்.

சிக்னல்தேடி:
பாத்தீங்களா! செருப்பு சேரலைன்னா காலை வெட்டச் சொல்றார். போனுக்காக சிம்மை மாத்தணுமாம். இதுக்கு மேல நான் என்ன நிரூபிக்கணும்?

டீச்சரம்மா:
நான் வாங்கலாமா என்றுதான் கேட்டேன்.

சிக்னல்தேடி:
மேடம், வாங்க வேண்டாம்னு நான் சொல்லலை. 5ஜின்னு நம்பி வாங்க வேண்டாம்னு சொல்றேன். ரெண்டும் வேற வேற. 4ஜி போன்னு நினைச்சுப் பாத்தா பேட்டரி, திரை வேகம் எல்லாம் இந்த விலைக்குத் தேவலை. ஆனா 6.88 இன்ச்சுக்கு 720 பிக்சல்தான், எழுத்து கொஞ்சம் பிசிறடிக்கும். 4 ஜிபி ரேமோட ரெண்டு ஆண்டு கழிச்சு அது எப்படித் தவழும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. நான் பதினஞ்சு வருஷமா போன்களைப் பிரிச்சுப் பாக்குறவன், சும்மா யூடியூப்ல பெட்டி பிரிக்கிறதைப் பாத்துட்டு எழுதுறவன் இல்லை.

பட்ஜெட்புலி:
பதினஞ்சு வருஷ அனுபவஸ்தர்தான் 2013ல "எதிர்காலம் விண்டோஸ் போன்ல இருக்கு, எல்லாரும் லூமியா 520 வாங்குங்க"ன்னு ஊரையே கிளப்பிவிட்டார். அதை நம்பி வாங்கினவன் நான். எதிர்காலம் எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தேடிட்டிருக்கேன்.

சிக்னல்தேடி:
அதுக்கு நான் என்ன பண்றது? மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் போனையே கைவிட்டுச்சு. போன்ல என்ன குறை? 512 எம்பி ரேம்ல அது ஓடின வழவழப்பை அப்ப வந்த ஒரு பட்ஜெட் ஆண்ட்ராய்டு தொட்டிருக்குமா? தொட்டுதா, இல்லையா?

பழையநோக்கியா:
520 பத்தி மட்டும் யாரும் வாய் திறக்காதீங்க. இன்னும் எங்க வீட்டு அலமாரியில இருக்கு. சார்ஜ் போட்டா உயிரோட எழுந்திருக்கும்.

பட்ஜெட்புலி:
எழுந்து என்ன பண்ணும்? 2019 டிசம்பரோட வாட்ஸ்அப்பே நின்னுபோச்சு. மணி பாக்கலாம், அலாரம் வைக்கலாம். பிரமாதம். ஏ4க்கு நாலு வருஷம் செக்யூரிட்டி அப்டேட் தர்றதா சொல்லியிருக்கான் சார்.

சிக்னல்தேடி:
சொல்லியிருக்கான். 5ஜின்னுகூடத்தான் சொல்லியிருக்கான்.

கரிசல்காட்டான்:
ஏன்வே, டீச்சர் கேட்டதுக்கு ஒருத்தரும் நேரா பதில் சொல்லலையே. எனக்கும் அந்த 33 வாட் சார்ஜரத் தனியா விப்பாவளான்னு ஒரு சந்தேகம் இருக்கு.

ரிச்சித்தெருவாசி:
தனியா இருக்கு அண்ணாச்சி, மெட்ராஸ் வந்தா கடைக்கு வாங்க. டீச்சரம்மா, ஏர்டெல்லுன்னா இந்த விலையில போக்கோ எம்6ஐயும் ஒரு தடவை பாருங்க, பூட்டு இல்லாத பதிப்பா பாத்துக் கேளுங்க.

பட்ஜெட்புலி:
வந்ததே யாவாரத்துக்குத்தானே. ஒரே குடும்பத்துக் கம்பெனி போனை விட்டு ஒரே குடும்பத்துக் கம்பெனி போனுக்கு ஆள் பிடிக்கிறார். ஏ4ல உங்களுக்குக் கமிஷன் கம்மியா?

ரிச்சித்தெருவாசி:
தம்பி, மரியாதையா பேசு. என் கமிஷனைப் பத்தி உன்கிட்ட கணக்குச் சொல்ற நிலைமையில நான் இல்லை.

சிக்னல்தேடி:
அவர் சொன்னதுல என்ன தப்பு? எம்6ல இருக்கிற டைமென்சிட்டி 6100 பிளஸ் சிப் ரெண்டு வகை 5ஜியும் எடுக்கும். ஏர்டெல்ல வரும். பாத்தீங்களா, "வரும்"னு ஒத்தை வார்த்தையில என்னால சொல்ல முடியுது. ஏ4க்கு நீங்க சொல்லுங்க பாப்போம்.

பட்ஜெட்புலி:
முதல்ல நீங்க லூமியாவுக்கு ஒத்தை வார்த்தையில பதில் சொல்லுங்க. ப்ளாஷ்கூட இல்லாத போனை, முன்பக்கக் கேமரா இல்லாத போனை, பத்தாயிரம் கொடுத்து வாங்குன்னு சொன்னீங்களா, இல்லையா?

சிக்னல்தேடி:
520ல இல்லை, லூமியா 720ல ரெண்டுமே இருந்துச்சு. நான் 720ஐயும் சேத்துத்தான் அன்னைக்கு எழுதினேன். உங்க பட்ஜெட்டுக்கு 520ஐப் பிடிச்சுக்கிட்டது நீங்க.