ஹார்ட்டெயிலில் மணாலி – காஸா: கேமராவை எங்கே வைப்பது?

தூசிப்பாதை கேட்டது:

செப்டம்பரில் மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாக, இமாச்சலத்தின் ஸ்பிட்டியில் உள்ள காஸாவுக்குச் சைக்கிளில் போகிறேன். வண்டி 29 அங்குல ஹார்ட்டெயில், அதாவது பின்சக்கரத்துக்கு ஷாக் இல்லாத சைக்கிள். முன்னால் அடியை வாங்கிக்கொள்ளும் 100 மி.மீ. ஏர் ஃபோர்க், பின்னால் அலுமினிய ரேக். கேமரா சோனி ஏ6400, லென்ஸ் 18-135 ஒன்றுதான். ட்ரைபாட் கிடையாது. டென்ட்டும் ஸ்லீப்பிங் பேகும் ரேக்கில் ஏறிவிடும்.

கேமராவுக்கு மூன்று இடம் யோசித்து வைத்திருக்கிறேன்: ஹேண்டில்பார் பை, இடுப்புப் பை, 16 லிட்டர் முதுகுப் பை. க்ராம்பூவிலிருந்து படால் வரை கல்லும் ஓடையும்தான் என்கிறார்கள். விழுந்தால் கேமராவும் பிழைக்க வேண்டும், முதுகும் பிழைக்க வேண்டும். சட்டென்று எடுக்கவும் முடிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் பையை இறக்கி ஜிப்பைத் திறக்க வேண்டுமென்றால் நான் படமே எடுக்க மாட்டேன்.

---

கியர்_எண்_ஒன்று:

ரேக் உங்கள் பட்டியலில் இல்லை, அப்படியே இருக்கட்டும். ஹார்ட்டெயிலில் பின்சக்கரம் வாங்கும் அடி குறையாமல் ரேக்குக்கு ஏறும். நீங்கள் பெடலில் எழுந்து நின்றால் முழங்கால் மடங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ரேக்குக்கு முழங்கால் கிடையாது.

ஹேண்டில்பார் அதைவிட மேல், ஃபோர்க்குக்கு மேலே இருப்பதால். ஆனால் ஃபோர்க் விழுங்குவது பெரிய குழியைத்தான். ஜல்லி தரும் பொடி அதிர்வு நேராகக் கைப்பிடிக்கு வந்துவிடும். உள்ளங்கை மரத்துப்போவது அதனால்தான்.

அதிர்வில் முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் கண்ணாடி அல்ல. திருகுகளும், மிதக்கும் பாகங்களும். ஏ6400 பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு) இல்லை, அந்த வகையில் கவலை ஒன்று குறைவு. 18-135இல் ஓஎஸ்எஸ், அதாவது லென்ஸுக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன், உண்டு. அதில் ஒரு கண்ணாடித் தொகுதி காந்த விசையால் நகரும்படி அமைந்திருக்கும். 2021இல் ஆப்பிள் நிறுவனமே, மோட்டார் சைக்கிள் எஞ்சின் அதிர்வு ஐபோனின் ஸ்டெபிலைசேஷனையும் ஆட்டோஃபோகஸையும் கெடுக்கக்கூடும் என்று எச்சரித்தது. சைக்கிளில் எஞ்சின் இல்லை, அதிர்வும் வேறு மாதிரி. இருந்தாலும் நாள் முழுக்க அந்த ஆட்டத்தில் லென்ஸை விட்டுவைக்க ஒரு காரணமும் இல்லை.

எங்கே வைத்தாலும் இரண்டு விஷயம். ஒன்று, லென்ஸ் முனை கீழே இருக்கும்படி செங்குத்தாக வைக்காதீர்கள். ஒவ்வொரு குதிப்பிலும் பாடியின் 403 கிராமும் ஜூம் குழல் மேல் இறங்கும். 18 மி.மீ.க்குச் சுருக்கி, ஹூடைத் திருப்பி மாட்டி, பாடிக்கும் லென்ஸுக்கும் சேர்த்து அடியில் ஃபோம் வருகிற மாதிரி படுக்க வையுங்கள். யோகா மேட் வகை, மூடிய துளையுள்ள ஃபோம் 10 மி.மீ. போதும். மெத்தை ஸ்பாஞ்ச் ஒரே அடியில் நசுங்கித் தரையைத் தொட்டுவிடும். இரண்டு, மூடிய பையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். ‘டொக்’ என்று கேட்டால் உள்ளே இடம் இருக்கிறது என்று பொருள். ஒரு பனியனைச் சுருட்டித் திணியுங்கள்.

டயர் காற்றை யாரும் யோசிப்பதில்லை. ட்யூப்லெஸ், 2.2 அங்குலம், 70 கிலோ ஆள், பின்னால் சுமை என்றால் முன்னால் 22–24 பிஎஸ்ஐ, பின்னால் 27–30 என்று தொடங்கிப் பாருங்கள். ட்யூப் போட்டிருந்தால் 4, 5 கூட்டுங்கள், இல்லையென்றால் கல்லில் ட்யூப் கடிபடும்.

---

மூன்றாம்வளைவு:

கேமரா உடம்பில்தான் இருக்கணும், அதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனா முதுகுப் பைன்னா அடுக்குற வரிசை முக்கியம். மல்லாக்க விழுந்தா முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவுல கெட்டியான பொருள் எதுவும் இருக்கக் கூடாது. கேமராவை மட்டும் சொல்லல. மல்டி டூல், ஷாக் பம்ப், பூட்டுச் சங்கிலி, இதெல்லாம் கேமராவைவிட மோசம். அதை எல்லாம் ஃப்ரேம் பையில, சைக்கிள் சட்டத்துக்கு நடுவுல கட்டுற பையில, போடுங்க.

முதுகை ஒட்டி பேக் ப்ரொடெக்டர். அதுக்கு அடுத்து மடிச்ச டவுன் ஜாக்கெட். வெளிப்பக்கம் கேமரா, நடுவுல இல்லாம வலது பக்கமா தள்ளி. ப்ரொடெக்டர் வாங்கும்போது இஎன் 1621-2 முத்திரை இருக்கான்னு பாருங்க. மோட்டார் சைக்கிள்காரங்களுக்கான தரம் அது, லெவல் 1, லெவல் 2ன்னு இருக்கும். ஈவாக் மாதிரி சில கம்பெனி ப்ரொடெக்டரோடவே பை விக்கிறாங்க. விலை அதிகம். இருக்குற பையில தனி ப்ரொடெக்டரைச் சொருகினாலும் வேலை நடக்கும், அது கீழ நழுவாம இருந்தா சரி.

தண்ணிப் பையையும் கேமராவையும் ஒரே அறையில வைக்காதீங்க. குழாய் மாட்டுற இடத்துல கசியும். தண்ணி ஃப்ரேம்ல பாட்டிலாவே போகட்டும்.

நெஞ்சு வார், இடுப்பு வார் ரெண்டும் இறுக்கிப் போடணும். நெஞ்சு வார் தளர்ந்திருந்தா செங்குத்தா இறங்கும்போது பை மேல ஏறி ஹெல்மெட் பின்பக்கம் இடிக்கும். ஹெல்மெட் கண்ணு மேல இறங்கிடும்.

---

சுமைதாங்கி:

அவர் கேட்டது சட்டென்று எடுப்பதைப் பற்றி. அதற்கு முதுகுப் பை விடையே இல்லை. பாடியும் லென்ஸும் சேர்ந்து 728 கிராம். இதற்கு இடுப்புப் பை தாராளம். வாரைத் தளர்த்தி முன்னால் சுற்றினால் ஜிப் வயிற்றுக்கு நேரே வரும். வண்டியிலிருந்து இறங்கக்கூட வேண்டாம்.

நிபந்தனைகள் உண்டு. மொத்தம் இரண்டரைக் கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள், வார் எவ்வளவு இறுக்கினாலும் கீழே சரியும். சரிந்த பை, சீட்டை இறக்கிப் பின்னால் தள்ளி உட்காரும்போது டயரைத் தொடும். தொங்கும் வார் நுனிகளை மடித்து ரப்பர் போடுங்கள். பையை இடுப்பெலும்புக்கு மேலே கட்டுங்கள். மூன்றாம்வளைவு சொன்னது இங்கேயும் பொருந்தும்: பையின் நடுப்பகுதி கீழ்முதுகு எலும்புக்கு நேராக வரும். அங்கே ரெயின்ஜாக்கெட், ஓரத்தில் கேமரா.

நெஞ்சில் கட்டும் ஹார்னஸை யாராவது பரிந்துரைத்தால் ஏற்றத்துக்கும் சமதளத்துக்கும் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலைத் தாண்டி முன்னால் விழுந்தால் ஸ்டெம்முக்கும் (ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) விலாவுக்கும் நடுவில் கேமரா இருக்கும். கழுத்து வாரில் தொங்கவிடுவது எந்தச் சாலையிலும் வேண்டாம்.

---

தூசிப்பாதை:

நன்றி. அப்படியானால் இடுப்புப் பை. தோள்வாரில் மாட்டும் பீக் டிசைன் க்ளிப் ஒன்று கைவசம் இருக்கிறது. அது சரிப்படுமா? ஓடைகளுக்கு என்ன செய்வது?

---

கியர்_எண்_ஒன்று:

க்ளிப் இந்த லென்ஸுக்குச் சரிப்படாது. தட்டையான சின்ன பேன்கேக் லென்ஸ் என்றால் சரி. 18-135 நீளம், பெடல் மிதிக்க மிதிக்க ஆடும், எழுந்து மிதித்தால் கையில் இடிக்கும். தூசியும் நேரே படும். நடந்து போகும் இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். அப்போதும் அடியில் உள்ள ப்ளேட் திருகைத் தினமும் காலையில் ஆலன் கீயால் சோதியுங்கள். அதிர்வில் கழலுவதில் முதலிடம் அதற்குத்தான். திருகு கழலாமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை தடவலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ரேக் போல்ட்டுக்குத் தாராளமாகத் தடவுங்கள், கேமராவின் ட்ரைபாட் துளைக்கு வேண்டாம்.

---

பனிக்கோடு:

ஓடைக்கு: 5 லிட்டர் ரோல்-டாப் ட்ரை பேக் ஒன்று. கேமராவை ஃபோமோடு அதில் போட்டுக் காற்றை வெளியேற்றி, வாயைக் குறைந்தது மூன்று மடிப்பு மடித்துக் கொக்கி போடுங்கள். அந்த ஓடைகள் பனி உருகி வருபவை. வெயில் ஏற ஏற தண்ணீரும் ஏறும். காலையில் முழங்காலுக்குக் கீழே இருந்தது மதியம் தொடைக்கு வரலாம், கடப்பதைக் காலையிலேயே முடியுங்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கும்போது மேலே சொன்னதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். இழுப்பு இருக்கும் தண்ணீரில் இடுப்பு வார், நெஞ்சு வார் எல்லாவற்றையும் அவிழ்த்து, பையை ஒரே தோளில் போட்டுக்கொள்ளுங்கள். கால் வழுக்கினால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும். மெமரி கார்டு இரண்டு வைத்துக்கொண்டு, நிறைந்ததைச் சட்டைப் பையில் ஜிப்லாக்கில் வையுங்கள்.

தூசி: வழியில் லென்ஸைக் கழற்ற வேண்டாம், ஒரே லென்ஸ் என்பது நல்ல முடிவு. ஆனால் அது நீளும் ஜூம். நீட்டும்போது காற்றை உள்ளே இழுக்கும். சுருக்குவதற்கு முன் குழலை ப்ளோயரால் ஊதுங்கள். துணியால் துடைத்தால் மணல் தேய்ந்து கோடு விழும். பையின் ஜிப் பற்களையும் மாலையில் பழைய பல் துலக்கியால் தேய்த்துவிடுங்கள்.

குளிர்: படால் 3,900 மீட்டருக்கு மேலே, குன்சும் 4,500ஐத் தாண்டும். இரவில் பேட்டரிகளைக் கழற்றி ஸ்லீப்பிங் பேகுக்குள் வையுங்கள். குளிர்ந்த கேமராவோடு டாபாவின் அடுப்பு அறைக்குள் நுழைந்தால் உடனே ட்ரை பேகைத் திறக்காதீர்கள். உள்ளே நீர் கோத்துவிடும். மூடியபடியே அரை மணி, ஒரு மணி நேரம் விட்டு, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள்.

---

சுமைதாங்கி:

ஒன்று விட்டுப்போனது. விழுந்து எழுந்தபின் ஸ்க்ரீன் எரிகிறதே என்று திருப்தியாகிவிடாதீர்கள். லென்ஸைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள், மவுண்ட்டில் தளர்ச்சி வரக் கூடாது. பிறகு சமமான கல் சுவர் ஒன்றை நேருக்கு நேர், அபெர்ச்சரை முழுதும் திறந்து, 18இலும் 135இலும் எடுத்து நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் கண்ணாடித் தொகுதி சாய்ந்திருக்கலாம். அப்போதைக்கு எஃப் 8, எஃப் 11இல் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து சர்வீஸுக்குக் கொடுங்கள். யுவி ஃபில்டர் நொறுங்கியிருந்தால் வழியில் திருகிக் கழற்ற முயல வேண்டாம், தூள் முன்கண்ணாடியைக் கீறும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டி உதிர்த்துவிட்டு மூடி போட்டு வைத்துவிடுங்கள்.